கணவாய் மூடுமுன்

எங்கே போகிறோம் என்று குலசிங்கம் கேட்டார், பிக்னிக் என்று தவமலர் சொன்னாள், ஓ பிக்னிக்கோ என்று அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து இதே கேள்வி, இதே பதில். எத்தனை தடவை என்று எண்ணுவதை அவள் அடிவாரத்துக் கிராமத்தோடு விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகச் சந்தோசப்பட்டார், அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு பொய்யை ஒருமுறை சொன்னால் போதும், இவளோ அதே பொய்யை ஒவ்வொரு வளைவுக்கும் சுடச்சுட இறக்கிவைக்க வேண்டியிருந்தது, அதுவும் சிரித்த முகத்தோடு. முழுப் பொய்யும் இல்லையே என்று தன்னோடு தானே வழக்காடினாள். மடியில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் அலுமினியத் தாளுக்குள் இளஞ்சூடாக இருக்கிறது, பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கிறது, பின்பெட்டியில் பாய்கூட இருக்கிறது, பிக்னிக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும். பாய்க்குக் கீழே ஒரு சூட்கேசும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்த மகள் அனோஜா மட்டும் ஒவ்வொரு பிக்னிக்குக்கும் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் தாயை ஒருதரம் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள்.

சுவிஸ் மலையில் ஃபூர்க்காக் கணவாய்க்கு ஏறுகிற வீதிக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் ஆகாயம். புற்சரிவுகள் எல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருந்தன, மாடுகளைக் கீழே இறக்கிவிட்டார்கள், சிகரங்களில் நேற்று விழுந்த பனி கரையாமல் கிடந்தது. வீதியோரம் நெடுகிலும் ஆளைவிட உயரமான கம்புகளை நட்டு வைத்திருந்தார்கள். பனி மூடி வீதியும் பள்ளமும் ஒன்றாகிப்போன பிறகு, அதை அள்ள வருகிற வண்டிக்காரனுக்கு வீதி எதுவரை என்று காட்டத்தான் அந்தக் கம்புகள். ஐப்பசி பிறந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ இந்தப் பாதையை இழுத்து மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு மலைக்கு அந்தப் பக்கம் போவதற்குச் சுரங்கம் மட்டும்தான், காரையே ரயிலில் ஏற்றி இருட்டுக்குள்ளால் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். ஊர் உலகத்துக்கு அது ஒரு காரியமே இல்லை. தவமலருக்கும் இல்லை, அவள் கிழமைக்குக் கிழமை ரயிலேறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாம். அவரைத்தான் அந்தச் சுரங்கத்துக்குள்ளால் கொண்டுவர முடியாது. சுற்றிக் கொண்டுவரலாம் என்றால் எந்தப் பக்கம் சுற்றினாலும் சுரங்கம், இந்த நாட்டில் குடையாமல் விட்ட மலை ஏது. ஆகவே இன்றைக்கு அவரை அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் விட்டால் விட்டதுதான். நாளைக்கே அவள் மனம் மாறினாலும் சரி, அவர் அழுதாலும் சரி, தைப்பொங்கல் வந்தாலும் சரி, இந்த வீதி மறுபடி திறக்கும்வரை அவர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்.

காலையில் பின்பெட்டியைச் சாத்தும்போது அனோஜா சொன்னாள், "உச்சியிலை நிப்பாட்டுறன் அம்மா. அங்கை வைச்சுச் சொல்லுங்கோ. திருப்பு எண்டால் திருப்புறன். ஏன் எண்டு கேக்கமாட்டன்." நல்ல பிள்ளை. இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளை, வாக்குக் கொடுத்தால் காப்பாற்றும். ஆனால் அப்படியொரு முடிவைத் தாயின் கையில் தந்ததற்குப் பதிலாகத் தானே எடுத்திருக்கலாம் என்று தவமலருக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. கோபமா, பயமா. இத்தனை வருசத்தில் அவள் எதை முடிவெடுத்தாள். எந்த நாட்டுக்குப் போவது, எந்த ஊரில் வீடு எடுப்பது, பிள்ளைக்கு என்ன பெயர், சோபாவுக்கு என்ன நிறம், எல்லாம் இவர்தான். அவள் கறிக்கு உப்புப் போட்டாள், அதையும் இவர் ருசிபார்த்துத்தான் சரி என்றார். கடைசியில் பார்த்தால் பெரிய முடிவு ஒன்று அவளுக்கென்று மிச்சம் வைத்திருக்கிறார் மனுசன், அதைத் தானே கேட்கவும் முடியாத ஒரு இடத்தில் போய் நின்றுகொண்டு. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். முழங்காலின் மேல் அது ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது, இடது வளைவுக்கு இடம், வலது வளைவுக்கு வலம்.

சித்திரை மாதம் ஒருக்கால் அந்தச் சுரங்கத்துக்குள்ளால் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. வேலை செய்த காலத்தில் பனிநாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்த பாதைதானே, றேடியோவைச் சத்தமாக வைத்தால் சமாளிப்பார் என்றுதான் நினைத்தாள். ரயில் இருட்டுக்குள் நுழைந்து கார் குலுங்கத் தொடங்கியதுதான் தாமதம், அவர் அவளுடைய பிடரியைப் பிடித்து முன்சீற்றுக்குக் கீழே அமத்தினார். படு, படு, பொம்மர் வருது என்றார். அவளுக்குமேல் தன் முழு உடம்பையும் போட்டு மூடிக்கொண்டார், மூச்சு விட முடியவில்லை, நெற்றி சீற்றின் இரும்பில் அடிபட்டு வீங்கியது. வரும்போதும் வேறு வழியில்லாமல் அதே இருட்டு, அதே கூத்து, இனி ஒருநாளும் அவரை இதற்குள்ளால் கொண்டுவருவதில்லை என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்தநாள் அந்த வீக்கத்தைப் பார்த்து வைத்தியர் வீட்டில் அடி விழுகிறதா என்று நாசூக்காகக் கேட்டார். இருட்டில் முன்னுக்கிருந்த அனோஜாவும் அப்பா அம்மாவுக்கு அடிக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள், எவ்வளவு சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும். கலியாணம் முடிந்த புதிதில், சண்டைக் காலத்தில், ஊர்க் காணிக்குள் வெட்டிய பங்கருக்குள் அயலட்டைச் சனம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தபோது, மேலே பொம்மர் விமானம் இரைகிற நேரமெல்லாம் இவர் தன் உள்ளங்கையால் அவளுடைய உச்சந்தலையைப் பொத்திக்கொண்டிருந்தார். குண்டுக்கு ஒரு மனுசனின் உள்ளங்கை எந்த மூலைக்கு. ஆனால் அவள் அந்தக் கைக்குக் கீழே பயமில்லாமல் இருந்தாள், உண்மையாகவே பயமில்லாமல், சனம் எல்லாம் தேவாரம் படித்துக்கொண்டிருக்க அவளுக்கு நித்திரைகூட வந்தது. அன்றைக்குச் சுரங்கத்துக்குள்ளும் அவர் அடிக்கவில்லை. அவளைக் காப்பாற்றினார். எல்லாம் மறந்த மனுசனுக்கு அது மட்டும் மறக்கவில்லை, அதை வைத்துத்தான் அவரை வீட்டில் வைத்திருக்க முடியாது என்று சொல்கிறார்கள்.

எங்கே போகிறோம் என்று கேட்டார். பிக்னிக் என்றாள்.

இந்த மலைப்பாதையில் எத்தனை பிக்னிக். சுவிஸ்காரன் மலையைக் கண்டால் குடைவான், தமிழன் மலையைக் கண்டால் பாயை விரித்துப் புரியாணிச் சட்டியைத் திறப்பான் என்று இவரே சொல்லிச் சிரிப்பார். கோடை விடுமுறையில் இரண்டு மூன்று குடும்பம் வான் வண்டிகளில் அடைந்துகொண்டு வந்து உச்சியில் இறங்கும், பெண்கள் சேலைக்கு மேல் ஜக்கற் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கியபடி படம் எடுப்பார்கள், மோட்டார் சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு மீன் றோல்ஸ் கொடுப்பார். சிகரங்களின் பெயர் ஒன்றும் தெரியாது, ஆனால் கேட்கிற பிள்ளைகளுக்கு அது பெரியப்பா மலை, அந்த மொட்டை சின்னப்பா மலை என்று கூசாமல் சொல்லுவார். உச்சி தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் பனியாறு ஒன்று இருக்கிறது, கோடையில் அது உருகாமல் இருக்க வெள்ளைத் துணி கொண்டு போர்த்து மூடி வைத்திருப்பார்கள். முதன்முதல் அதைப் பார்த்த நாள் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஐசுக்குப் போய்ப் போர்வை போத்துறாங்கள் விசரங்கள் என்று. என்ன போர்த்தி என்ன, வருசா வருசம் அது பின்னுக்குத்தான் போகிறது. போர்த்துகிறவனுக்கும் அது தெரியாமலில்லை. தெரிந்துகொண்டும் போர்த்துகிறான், கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க மனம் வராமல். அவளுக்கு இப்போது அது சிரிப்பாகப் படவில்லை.

பிக்னிக் இல்லாத நாட்களிலும் இது இவருடைய வீதிதான். சலவைக் கம்பனி வானில் ஹோட்டல்களுக்குத் துணி ஏற்றிக்கொண்டு கோடை முழுக்க இந்த மலையை ஏறி இறங்கினார். வெள்ளைத் துணி ஏத்துறன், ஊத்தைத் துணி இறக்கிறன், இதுதான் என்ரை சீவியம் என்பார், ஆனால் பெருமையாகத்தான் சொல்லுவார். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் எந்த ஹோட்டலுக்குரியது என்று சின்னதாய்ப் பெயர் தைத்திருக்கும். போன கிழமை தவமலர் ஜன்னலோரம் இருந்து அவருடைய சேட்டுகள், பெனியன்கள், சாரங்கள் எல்லாவற்றிலும் அவருடைய பெயரைத் தைத்துக்கொண்டிருந்தாள், இல்லத்தில் எல்லாருடைய உடுப்பையும் ஒன்றாகப் போட்டுத் தோய்ப்பார்களாம், பெயர் இல்லாவிட்டால் ஆள் மாறிவிடுமாம். அவர் பக்கத்தில் வந்து நின்று தைத்த பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்த ஹோட்டலுக்கு என்று கேட்டார். பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு என்றாள். ஊசி விரலில் ஏறியது. கவனம், இரத்தம் பட்டால் போகாது என்று அவர் சொன்னார், தொழில் தெரிந்தவர் அல்லவா. சாரம் வேண்டாம், பைஜாமாதான் வசதி என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் சாரங்களையும் மடித்து வைத்தாள்.

திடீரென்று அவர் முன்னுக்குச் சாய்ந்து, "ஒதுக்கு பிள்ளை, பஸ் வருது," என்றார். வீதி வெறுமையாகத்தான் கிடந்தது. அனோஜா ஒரு கணம் தயங்கிவிட்டு ஒதுக்கினாள், அடுத்த மூச்சில் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சள் தபால் பஸ்ஸின் ஹோர்ன் மூன்று சுரத்தில் எழும்பியது, பஸ் மலையை உரசிக்கொண்டு கடந்து போயிற்று. பார்த்தாயா, பார்த்தாயா என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் தவமலருக்கு இருந்தது, அவருக்குத் தெரிகிறது, எல்லாம் உள்ளுக்குள் இருக்கிறது, இந்த மனுசனையா கொண்டுபோய் விடப்போகிறோம். திருப்பச் சொல்லலாம். இப்போதே சொல்லலாம். அவர் திரும்பி அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் வந்திருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒரு நாளைக்குப் பலமுறை அப்படிச் சிரிக்கிறார். அதற்கு இன்னும் பழகவில்லை, பழகவும் மாட்டாள், ஆனால் முந்தி மாதிரி ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதைதான். பென்சன் எடுத்ததும் இரண்டுபேருமாக அங்கே போவோம் இங்கே போவோம் என்று எவ்வளவு பேசினார்கள். பென்சன் வந்த வருசமே இவர் வீட்டுக்கு வருகிற வழியை விட்டுவிட்டு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றொன்றாகக் கழன்றது. அவள் எல்லாவற்றையும் கவனித்தாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நினைக்கக்கூடாது என்று தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் அதுதான் வந்தது. ஆடி மாதம் அவளுக்குப் பித்தப்பை ஒப்பரேசன். அவள் எழும்பி நடக்கும்வரை இவரை வீட்டுக்குக் கிட்டவே ஒரு இல்லத்தில் கொஞ்ச நாளைக்கு விட்டார்கள். ஜெர்மன் பேசுவாரா என்று அங்கே கேட்டார்கள். அவளுக்குச் சுள்ளென்று வந்தது. என்ன கேள்வி இது, இரவு பகலாகப் படித்து இந்த நாட்டுக் குடியுரிமைப் பரீட்சையில் அதிகாரியையே சிரிக்கவைத்த மனுசன், மேல்வீட்டுக்காரனோடு ஜெர்மனில் சண்டை பிடித்து வென்ற மனுசன். வடிவாப் பேசுவார் என்று தலையை நிமிர்த்திச் சொன்னாள். வீட்டில் அவர்கள் இரண்டுபேரும் தமிழ்தான் பேசுவார்கள், சண்டையும் சமாதானமும் தமிழில்தான், அதனால் அவளுக்குத் தெரியவே இல்லை, அந்த மொழி அவருக்குள்ளிருந்து எப்போதோ முழுசாக வடிந்துபோயிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வயிற்றுத் தையலோடு அவள் அவரைப் பார்க்கப் போனபோது உதடு வெடித்துக் கிடந்தது. ஆள் அமைதியில்லை என்றார்கள், கோப்பியைத் தட்டிவிடுகிறார் என்றார்கள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொடுப்பதைக் கொடுத்தோம், இடையில் எதையோ கேட்டுக் கேட்டுச் சத்தம் போடுகிறார், எங்களுக்கு விளங்கவில்லை என்றார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை, நல்ல பிள்ளைகள், ஒருத்தி கண் கலங்கிக்கொண்டுதான் சொன்னாள். தமிழ் தெரியாதது ஒருவரின் குற்றமா. தவமலர் அவருக்குக் கிட்டே குனிந்தாள். தண்ணி, என்றார் அவர். வேறொன்றுமில்லை. தண்ணி தண்ணி என்று ஒரு கட்டடம் நிறைந்த ஆட்களிடம் நாட்கணக்காகக் கேட்டிருக்கிறார், குழாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. அவள் பேசின் குழாயைத் திறந்து கிளாஸைப் பிடித்தாள், பாதி அவர் சேட்டில் ஊற்றுப்பட்டது, அவர் குடித்துவிட்டு இன்னும் என்று நீட்டினார். வடிவாப் பேசுவார். அந்தச் சொல்லைச் சொன்ன வாயைத் தைத்திருக்கலாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், இனிமேல் என் பிணத்தைத் தாண்டித்தான் இவரை எங்கேயும் கொண்டுபோக வேண்டும் என்று அனோஜாவிடம் சத்தம் போட்டாள்.

பிணம் என்று சொன்னது பலிக்கத்தான் பார்த்தது. போன பனிக்காலமே அவர் சாரத்தோடும் செருப்போடும் வெளியே இறங்கிப் போனவர், எப்போதோ கம்பனிக்குத் திருப்பிக் கொடுத்த வானை ஸ்டார்ட் பண்ண. அதற்குப் பிறகு படுக்கும்போது பழைய சேலைக் கிழியலால் அவருடைய மணிக்கட்டையும் தன்னுடையதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுக்கிறாள், அவர் அசைந்தால் இவள் எழும்புகிறாள், அவர் அசையாவிட்டாலும் ஏன் அசையவில்லை என்று எழும்புகிறாள். நித்திரை என்ற ஒன்று இருந்ததையே மறந்துபோனாள். அடுப்பை அணைக்காமல் கதிரையில் கண்ணயர்ந்து கறி கருகி வீடெல்லாம் புகை, குசினியில் நின்ற நிலையிலேயே விழுந்து கை மூட்டு விலகியது. இப்படியே போனால் அவர் இருப்பார், நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று வைத்தியர் சொன்னார். தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் ஒருநாள், கட்டின கிழியலை அவிழ்க்கும்போது, மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கடியில் விரலை வைத்தவள், வராமல் இருந்தால் என்று நினைத்தாள். வராமல் இருந்தால் கொஞ்சம் படுக்கலாம் என்று. அவ்வளவுதான், ஒரு கணம்தான், மூச்சு வந்தது, அவள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சாமிக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவள் மலைக்கு அந்தப் பக்கத்து இல்லத்துக்குப் போன் எடுக்கச் சொன்னாள், அனோஜா அதை வைத்தியர் சொன்னதற்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த இல்லத்தில் சுவேந்தினி என்றொரு பிள்ளை வேலை செய்கிறது, தமிழ்ப் பிள்ளை, அதற்காகத்தான் மலையைத் தாண்டி அங்கே போவது. பார்க்கப்போன அன்றைக்கு அது இவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஐயா தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டது, இவர் முகம் மலர்ந்து, ஓம் பிள்ளை, சீனி கூடப் போடு என்றார். தவமலருக்கு அந்தப் பிள்ளையின் காலில் விழவேண்டும்போல் இருந்தது. சுவேந்தினிக்குப் பகல் வேலை மட்டும்தான், லீவு நாளும் இருக்கும், ஆனால் தண்ணி என்ற ஒரு சொல்லை அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன் அன்ரி என்று கையைப் பிடித்துச் சொன்னது. தண்ணி மட்டும் போதுமா. குளிருது என்றால். நோகுது என்றால். மலர் எங்கை என்றால். அந்தக் கேள்விக்குத் தமிழ் தெரிந்தவர்களிடமும் பதில் இருக்காது.

அனோஜா காரை நிறுத்தினாள். உச்சி. உயரத்தை எழுதிய பலகைக்குப் பக்கத்தில் வேறு வண்டி ஒன்றும் இல்லை, கடை பூட்டிக் கிடந்தது, கதவைத் திறந்ததும் காற்று காதுக்குள் ஊசியாக ஏறியது. பாய் விரிக்கிற நிலத்தில் வெள்ளையாக ஒரு படலம் பிடித்திருந்ததால் தவமலர் காரின் பின்பெட்டிக் கதவைத் திறந்துவைத்து, அவரை விளிம்பில் இருத்தி, கம்பளியைத் தோளோடு போர்த்திவிட்டாள். சூட்கேஸ் அவருக்குப் பின்னால் இருந்தது. புட்டைப் பிசைந்து பொரியலோடு குழைத்து உருட்டிக் கையில் கொடுத்தாள், அவர் சாப்பிட்டார். அனோஜா தனக்கு வேண்டாம் என்று பலகையடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இனிச் சொல்லவேண்டும். தவமலர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, ஒரு பார்வை, பஸ் வருது என்றதைப்போல ஏதாவது ஒன்று. என்னை விடாதை என்று சொன்னால் அவள் இந்தக் கணமே திருப்பச் சொல்லுவாள். போறன் என்று சொன்னாலும் அது போதும், அவர் சொன்னதைத்தான் செய்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் கத்தரிக்காயில் நரம்பு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினார். மலை அவருக்கு முன்னால் அவ்வளவு பெரிதாக நின்றது, அவர் அதைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைப் பார்த்தார். உப்புச் சரியோ என்று கேட்டாள். சரி என்றார்.

இந்த மனுசனிடமா கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கம்போல இவர் தலையில் போட்டுவிட்டு உப்பு மட்டும் போடலாம் என்று இந்த மலை உச்சிவரை வந்திருக்கிறாள். இவரால் சொல்ல முடியாது. இவர் சொல்லமாட்டார். பஸ் வருவது தெரியும், அவளைப் பொத்திக் காப்பாற்றத் தெரியும், ஆனால் அவளைத் தெரியாது, அவள் களைத்துப் போனது தெரியாது. அவள் களைத்துப் போனாள். அதைத் தனக்குள்ளே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், வானம் இடிந்து விழவில்லை. அவர்மேல் அவளுக்கு உயிர், அதில் ஒரு குறையும் இல்லை, அந்த உள்ளங்கைக்குக் கீழே நித்திரையான பெண் இன்னும் அவளுக்குள் அப்படியே கிடக்கிறாள், ஆனாலும் அவள் களைத்துப் போனாள். இரண்டும் ஒரு நெஞ்சுக்குள் இருக்கிறது. இன்னுமொரு பனிக்காலம் அந்தக் கிழியலைக் கட்டிக்கொண்டு படுத்தால், அடுத்ததரம் விரலை மூக்கடியில் மட்டும் வைப்பாளா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அவள் அழுதாள், சத்தம் வராமல். அழுதபடியே அலுமினியத் தாளை மடித்தாள், அவர் வாயைத் துடைத்துவிட்டாள், தேத்தண்ணி மூடியைத் திருகினாள். பனி தூறத் தொடங்கியிருந்தது, மாவைச் சலித்துவிட்ட மாதிரி.

அனோஜா திரும்பி வந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இறங்கு பிள்ளை," என்றாள் தவமலர். "அந்தப் பக்கம் இறங்கு."

ஏன் என்று கேட்கமாட்டேன் என்ற வாக்கை அனோஜா காப்பாற்றினாள். முகத்துக்கும் சேர்த்து அவள் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அது ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரிக் கோணியது, கடைசிவரை அம்மா திருப்பச் சொல்லுவாள் என்றுதான் அவளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு தகப்பனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின்சீற்றில் இருத்தி, பெல்ற்றை மாட்டி, அவர் தலைமயிரில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டாள். கார் பலகையைக் கடந்து மற்றப் பக்கச் சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கியது.

எங்கே போகிறோம் என்று அவர் கேட்டார்.

அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. புட்டும் முடிந்துபோயிற்று, இனி என்ன பிக்னிக். தவமலர் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு இல்லத்துக்குப் போகிறோம், அங்கே உங்களை நல்லாய்ப் பார்ப்பார்கள், தமிழ்ப் பிள்ளை ஒன்றும் நிற்கிறது என்றாள். கார் ஓட்டுகிறவளின் தோள் இறுகியது. அவர் அவளுடைய மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார்.

"நீரும் நிப்பீரோ?" என்று கேட்டார்.

"இல்லை. நான் கிழமைக்குக் கிழமை வருவன்."

"அப்ப என்னை வீட்டை எப்ப கூட்டிக்கொண்டு போவீர்?"

"றோட்டுத் திறந்த உடனை. திறந்த அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போவன்."

அவர் ஜன்னலுக்குக் குனிந்து பார்த்தார். வீதியோரத்துக் கம்புகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தன, சரிவு வெள்ளையாகிக்கொண்டு வந்தது. அவர் நெற்றியைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், பிறகு அவள் பக்கம் திரும்பி, இந்தப் பாதைக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு சொன்னார்:

"இந்த றோட்டோ? இது இனி ஜூனிலைதான். சில வருசம் ஜூன் கடைசியும் ஆகும்."